ஐந்து பத்துக்குச் சாகும் லைன்

வீட்டம்மாவுக்கு,

பால் காய்ச்சி மூடி வைத்திருக்கிறேன். சாவியை எடுத்துக்கொண்டு போகிறேன்.

ஒரு விசாரணை இருக்கிறது. இன்டர்நெட் கேபிள் லைன் போனால் உன் பழைய சிம்முக்குத் தானாக மாறும்படி ரவுட்டரில் வைத்தேன் அல்லவா? எப்போது மாறியது என்று அது குறித்தும் வைக்கிறது. ஒன்பது நாளாக, ஐந்து மணிக்கு நான் நடக்கக் கிளம்பினால் ஐந்து பத்துக்குக் கேபிள் லைன் சாகிறது. அரை மணி கழித்து எழுந்து உட்கார்ந்துகொள்கிறது. முதலில் எலி மேல்தான் சந்தேகம். ஆனால் வயரைக் கழற்றிவிட்டு மறக்காமல் திரும்பச் சொருகும் எலியை என் டெலிபோன் ஆபீஸ் சர்வீஸில் ஒன்றுதான் பார்த்திருக்கிறேன். அதுவும் ரிட்டயர் ஆகிவிட்டது.

மிச்சம் நீதான்.

நேற்றுதான் எனக்கு உறைத்தது. பத்து நாள் முன்பு நம் பையனோடு சண்டை போட்ட அன்று, "நான் போட்ட லைன்ல இனிமே அவன் குரல் வரக்கூடாது" என்று கத்தினேன். நீ என் பேச்சைத் தட்டவில்லை. என் வயரைப் பிடுங்கிவிட்டு, உன் சிம்மில் அவனோடு பேசுகிறாய். நாற்பது வருஷத்தில் என் பேச்சை நீ இவ்வளவு ஒழுங்காகக் கேட்டதே சந்தேகத்தைக் கிளப்புகிறது.

சிம்மில் டேட்டா தீரப்போகிறது. பேச்சு பாதியில் அறுந்துவிடும். இன்று வயரைத் தொடாதே, என் லைனிலேயே பேசு.

பி.கு.: அவன் என்னைப் பற்றி ஏதாவது கேட்கிறானா, இல்லை, கேட்டாலும் நீ மழுப்பிவிடுகிறாயா?

இன்னொன்று: இன்று ஆறு மணிக்கு இல்லை, ஐந்தரைக்கே வந்துவிடுவேன். கதவுச் சத்தம் கேட்டதும் போனை வைத்துவிடாதே.