நடுவில் நின்ற ரெண்டு போல்ட்

ஜூலை 7, திங்கள்

இன்றைக்கு செம்பனை ஆலையில் புது பம்புக்கு அடித்தளம் ஊற்றினோம். ஆறு போல்ட். மூலைக்கு ஒண்ணா நாலு, நடுவில் ரெண்டு. நடு ரெண்டும் சரிபாதியில் வராது, ரெண்டு விரல் வலப்பக்கம் தள்ளி நிற்கும். ஓட்டை போட்ட பலகையில் போல்ட்டைத் தொங்கவிட்டு, அசையாமல் சுற்றி சிமெண்டு ஊற்றணும்.

மழை மேகம். சிமெண்டு லோரி உறுமிக்கிட்டு நிக்குது. பிட்டர் ஹேமநாதன் மட்டும் டேப்பும் கையுமா. நீலாய் டவுனில் வேலை செய்த பேக்டரி மூடினதும் இங்கே வந்த ஆள். என் வயசுதான். ஆறு மாச காண்ட்ராக்ட், இந்த மாசக் கடைசியில் நிரந்தரமாகணும்.

பலகையெல்லாம் சேறு. நான் தூக்கிக் கழுவி வச்சேன், போல்ட்டை மாட்டினோம். ஹேமன் மூலைக்கு மூலை அளந்தான், சரி. மறுபடி அளந்தான், சரி. "நடுவையும் பார்த்துடறேன் மச்சான்" என்றான்.

"பொண்ணா குடுக்கப் போறோம்? ஜாதகம் பார்த்தது போதும்லா!" என்றேன்.

லோரிக்காரன் வரைக்கும் சிரிச்சான். ஹேமன் வெட்கப்பட்டு டேப்பைச் சுருட்டிக்கிட்டான்.

ஜூலை 8

மழை. சாக்கு போட்டு மூடினோம். வேற ஒண்ணுமில்லை.

ஜூலை 14, திங்கள்

பம்பைச் சங்கிலியில் தூக்கி இறக்கினோம். மூலை நாலும் நேரா வந்துச்சு. நடு ரெண்டும் ஓட்டைக்கு வரவே இல்லை — நாலு விரல் தள்ளி நிக்குது.

இன்ஜினியர் திருநாவுக்கரசு சாருக்கு முகம் சிவந்துபோச்சு. "யார் அளந்தது?"

"நான்தான் சார்" என்றான் ஹேமன்.

"மாசக் கடைசியோட நீங்க கிளம்பிக்கலாம்."

நான் பக்கத்திலதான் நின்னேன். தோட்டம் முழுக்க வம்பிழுக்குற வாய். சங்கிலியை அவிழ்க்கிறேன்னு குனிஞ்சுக்கிட்டேன்.

சாயங்காலம் ஷெட்டுக்குப் பின்னால போய் அந்தப் பலகையைப் புரட்டிப் பார்த்தேன். பென்சில் கோடு போட்ட பக்கம் முழுக்க சிமெண்டு. அந்தப் பக்கம் மேலதானே இருக்கணும்? கழுவிட்டு குப்புற வச்சிருக்கேன். குப்புற வச்சா மூலை மாறாது, நடு மட்டும் இடப்பக்கம் வந்துடும். அவன் நடுவை அளந்திருந்தா அப்பவே பிடிச்சிருப்பான். அளக்க விட்டேனா நான்?

ஜூலை 15

சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தேன். வீட்டுக்காரி நீலாவதி விடாமல் கேட்டா, சொன்னேன்.

"இருபத்தெட்டு வருஷமா அங்க இருக்கீங்க, உங்களைத் துரத்தவா போறாங்க? அவரு இப்பதான் வந்தவரு" என்றாள். தட்டை எடுத்துக்கிட்டுப் போயிட்டா.

துரத்த மாட்டாங்க. மண்டோர் வேலை போகும், ஆளுங்களை மேய்க்கிற வேலை. நேத்து வரைக்கும் நான் விரட்டின பசங்க முன்னாடி — எப்படி நிக்கிறது?

ஜூலை 16

பலகையைத் தூக்கிக்கிட்டே ஆபீசுக்குப் போனேன். சார் மேசை மேல வச்சேன், சிமெண்டெல்லாம் கொட்டுச்சு.

"குப்புற வச்சது நான் சார். நடுவை அளக்க விடாம கிண்டல் பண்ணதும் நான்தான்."

திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி முனியாண்டி, போங்க."

சரின்னா? என்ன சரி?

ஜூலை 19, சனி

ஹேமனும் நானும் தப்பான ரெண்டையும் அறுத்தோம். பக்கத்தில் புதுசா துளை போட்டு, இறுகிப் பிடிக்கிற மருந்து ஊத்தி வேற போல்ட் இறக்கினோம். அப்போதான் அவன்கிட்ட சொன்னேன். அவன் போல்ட்டைத் துடைச்சுக்கிட்டே இருந்தான்.

"அளக்காமலே விட்டது நான்தானே மச்சான்" என்றான் கடைசியில்.

நாலு அறை விட்டிருக்கலாம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

ரெண்டாவது பம்புக்குப் பலகை வச்சோம். ஹேமனை நிரந்தரமாக்கிட்டாங்க, இந்த மாசத்திலேர்ந்து அவன்தான் மண்டோர், நான் அவனுக்குக் கீழே. மூலையை அளந்தான், நடுவை அளந்தான், அப்புறம் திரும்பவும் முதல்லேர்ந்து. நான் டேப்போட அந்த நுனியைப் பிடிச்சுக்கிட்டு குந்தியிருந்தேன். வெயில் மண்டையைப் பிளக்குது.

"என்ன மச்சான், சத்தமே காணோம்? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நீ அளந்து முடிலா முதல்ல" என்றேன்.