போக இருவர், திரும்ப ஒருவர்

மிளகுப் பொட்டலத்தைப் பிரித்ததும் சமையலறை முழுக்க நெடி ஏறி, எனக்குத் தும்மல் நிற்கவில்லை. உங்கள் மகள் கூச்சிங்கிலிருந்து ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியது. நான்கு மிளகை எடுத்துத் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். மிதந்தால் பப்பாளி விதை. நான்கும் மூழ்கின. அப்போதும் நம்பாமல் இன்னும் நான்கைப் போட்டேன். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பீர்கள்.

ஒரு வாரமாக நான் அந்த ஊருக்குப் போகத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கிளம்பி, திங்கட்கிழமை அண்ணனூர் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று யோசனை. மலேசியாவில் ஊர் நடுவே ஆறு, சுற்றிலும் காடு என்று நீங்கள் அன்று சொன்ன அதே கூச்சிங்தான். விடுதிகளைப் பற்றித் தங்கியவர்கள் எழுதியிருப்பதைச் செல்பேசியில் படித்தேன். ஒரு விடுதியின் சன்னலிலிருந்து சூரியன் ஆற்றின் மேல் உதிப்பதைப் பார்த்ததாக மூன்று பேர் எழுதியிருந்தார்கள். வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்தச் சன்னல் இருப்பது மேற்குப் பக்கம்.

விடைத்தாள் திருத்தியே பழகிய நமக்கு இது தெரியும். இரண்டு பிள்ளைகள் ஒரே சரியான விடையை எழுதியிருந்தால் இருவரும் படித்திருக்கலாம். ஒரே தவறான விடையை எழுதியிருந்தால் ஒருவர் தாளை மற்றவர் பார்த்திருக்கிறார். அந்த விடுதி வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இதே சோதனையைத்தான் உங்களிடமும் வைத்தேன்.

நாம் ஓய்வுபெற்ற மறுவருடம், பூந்தமல்லியிலிருந்து இரண்டு வண்டி மாறி என் வீட்டுக்கு வந்தீர்கள். வகுப்பில் நீங்கள் பேசும் தமிழ் வேறு, என்னிடம் பேசும் தமிழ் வேறு.

"டீச்சர், கூச்சிங் போலாமா? மூணே நாளு. என் பொண்ணு அங்கதான கீறா, டிக்கெட்டு அவ போட்டுக் குடுப்பா."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? ஆத்துல படகுல போலாம். காட்டுல மனுசக் குரங்கு பாக்கலாம்."

"குரங்கு பாக்கக் கடல் தாண்டணுமா?"

"உங்களாண்ட ஒண்ணு சொல்லி முடிக்க முடியுதா? ஊட்டுக்கு வர்ற தபால்காரராண்டயே அடையாள அட்டை கேக்குற ஆளு நீங்க!"

நானும் சிரித்தேன், சரி என்றும் சொன்னேன். ஆனால் வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் பிள்ளைகளை அழைத்துப்போன அன்று, வெயில் என்று சொல்லிக் கடைசிவரை பேருந்தை விட்டு இறங்காதவர் நீங்கள். குரங்கு பார்க்க ஆசை என்றால் யார் நம்புவார்கள்?

அடுத்த வாரம் உங்கள் வீட்டுக்கு வந்தேன். அலமாரி இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாக நின்றது. கேட்டதற்கு, "வெள்ளையடிக்கப் போறாங்க, அதான் சாமானெல்லாம் தங்கச்சி ஊட்டுல" என்றீர்கள். மறுநாள் என் பாஸ்போர்ட் விவரம் கேட்டு உங்கள் மகள் பேசியபோது அவளிடமும் கேட்டேன். "வெள்ளையடிக்கப் போறாங்க டீச்சர், அதான் சாமானெல்லாம் சின்னம்மா ஊட்டுல" என்றாள். அதே சொற்கள், அதே வரிசை. உங்கள் தங்கையின் வீட்டில் ஒருவர் காலை நீட்டிப் படுத்தால் இன்னொருவர் எழுந்து நிற்க வேண்டும். அங்கே அலமாரியா?

பயணச்சீட்டு அச்சடித்து வந்த அன்று, என் விவரம் சரியா என்று பார்க்கத் தாளை என்னிடம் நீட்டினீர்கள். போகும் பக்கத்தில் இரண்டு பெயர்கள். திரும்பும் பக்கத்தில் என் பெயர் மட்டும்.

"உங்க பேரு எங்க?" என்றேன்.

நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. "பொண்ணு அங்கியே வந்து இருக்கச் சொல்றா. தனியா இன்னா பண்ணப் போறேன்னு கேக்குறா. நீங்க ஒரு தரம் வந்து பாத்துட்டீங்கன்னா, நான் எங்க கீறேன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

"அதெல்லாம் இல்ல. உங்களுக்கு விமானத்துல தனியா ஏற பயம். வழித்துணைக்கு ஆள் வேணும். அதுக்குக் காடு, ஆறுன்னு ஒரு கதை."

தாளை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். குறித்த நாளில் நீங்கள் தனியாகவே போனீர்கள். அதன் பிறகு தொலைபேசியில் மழை, முழங்கால் வலி என்று மட்டும் பேசிக்கொண்டோம். போன வருடம் உங்கள் மகள் அழைத்து, "அம்மா மவுத்தாயிட்டாங்க டீச்சர்" என்றாள். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

என்னைத் தோழியாகக் கூப்பிட்டீர்களா, துணைக்கு ஓர் ஆளாகக் கூப்பிட்டீர்களா? இது தெரியாமல் உங்களைத் தேடி வர எனக்குக் கால் வரவில்லை. முந்தாநாள் உங்கள் மகளிடம் நேராகவே கேட்டுவிட்டேன்.

"துணைக்கா?" என்றாள். "துணைக்கு நான்தான் வர்றதா இருந்துச்சு டீச்சர். லீவு கூட சொல்லிட்டேன். அம்மாதான் வேணாம், டீச்சர் வருவாங்கன்னாங்க. எனக்கு ஒரு பட்டியலே போட்டுக் குடுத்தாங்க. சனிக்கிழமை அவங்களுக்கு எதையும் காட்டாத, அன்னிக்கு முழுக்க சந்தேகப்படுவாங்க. ஞாயித்துக்கிழமைதான் படகுல கூட்டிக்கினு போவணும்னு."

சிரித்துக்கொண்டே சொன்னவள் பாதியில் அழுதுவிட்டாள். இதைச் சரிபார்க்க வேறு சாட்சி கிடையாது. ஆனால் இப்படி ஒரு பட்டியலைச் சொந்தமாக யாரும் புனைய முடியாது. என்னை அந்த அளவுக்குத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

நீங்கள் இருக்கும் இடம் ஆற்றுக்கு அக்கரையாம். சனிக்கிழமை விடுதியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சந்தேகப்பட்டுக்கொள்கிறேன். ஞாயிறு காலை உங்கள் மகளோடு படகில் வருகிறேன்.

அன்று பயணச்சீட்டை வைத்துவிட்டு உங்கள் வீட்டுப் படியில் இறங்கும்போது, பின்னாலிருந்து "டீச்சர்" என்று ஒரே ஒருமுறை கூப்பிட்டீர்கள். ஏதோ சமாதானம் சொல்லப்போகிறீர்கள் என்று நினைத்து, காதில் விழாதவள் போல நடந்துவிட்டேன். அந்தக் குரல் இன்னும் என் முதுகில் இருக்கிறது. நான் இன்னும் திரும்பிப் பார்க்கவில்லை.