ராஜா தலை போட்ட ரூபாய்

சாமி அலமாரியில் இருக்கும் பித்தளைச் சம்புடத்தை இன்று காலை திறந்தேன். மூடியைத் தூக்கியதும் மஞ்சள் வாசனை. ஒரு நிமிஷம் நீங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பதாகவே தோன்றிவிட்டது.

சின்னவனுக்குப் பதின்மூன்று வயது ஆகிவிட்டது. அவன் பூணூலில் பிட்சையாக விழுந்த பணத்தைக் கணக்கில் போட வேண்டும் என்று பெரியவன் நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். உங்கள் ரயில் ஆபீஸிலேயே வேலைக்குப் போகிறான் இப்போது. பேச்சும் உங்கள் பேச்சுதான். தபாலாபீஸ் வேண்டாமாம், துரைமார் பணம் போடும் பெரிய பாங்கிதான் கௌரவமாம்.

பெரியவனுக்கு முதல் கணக்கு ஆரம்பித்தபோது நீங்களும் இதையேதான் சொன்னீர்கள். "நம்மாத்துப் பிள்ளை கணக்கு சலவைக்கல் தரையில ஆரம்பிக்கணும்டி." உங்கள் தமையனார் வேறு, பட்டணத்தில் ஒரு கம்பெனி கூடுதல் வட்டி தருகிறது, அங்கே அனுப்பு என்று கடிதம் போட்டிருந்தார். நான் தபாலாபீஸ் என்றேன். இந்தக் கல்கத்தா கார்டன் ரீச்சில் நம் தெருக்கோடியிலேயே இருக்கிறது, நாலணா கொண்டுபோனாலும் வாங்கிக்கொள்வான், குழந்தை தானே நடந்து போய்ப் போடலாம் என்றேன். வட்டியையும் கணக்குப் போட்டுக் காட்டினேன். என் அண்ணா படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்ற கணக்கு.

"நான் ஆபீஸ் போனப்புறம் நீ இங்க ஒரு ஆபீஸ் நடத்தறயா?" என்றீர்கள்.

"நடத்தறேன். சம்பளந்தான் வரல்லை."

நீங்கள் சிரித்த சிரிப்பில், மாடியில் குடியிருந்த வங்காளத்து மன்னி, நாம் போதி என்று கூப்பிடுவோமே, எட்டிப் பார்த்தாள். அந்தச் சிரிப்போடு தபாலாபீஸ் என்று முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை ராகுகாலத்துக்கு முன்னால் சம்புடத்தோடு போனீர்கள். திரும்பி வந்து, பாஸ் புஸ்தகத்தைப் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் நீட்டினீர்கள். அதன்மேல் ஒரு மஞ்சள் துணி நாலாக மடித்து இருந்தது. "நீ முடிஞ்சு வச்சிருந்ததைத்தான் முதல்ல போட்டேன். நல்ல சகுனம்" என்றீர்கள்.

துணியைப் பிரித்தேன், உள்ளே ரூபாய் இல்லை. அது பெருமாள் ரூபாய். முந்தின ஆடியில் பெரியவனுக்கு ஜுரம் கண்டு, தண்ணீர்கூட இறங்காமல் கிடந்தானே, நீங்கள் சாந்த்ராகாச்சிக்கு வேலையாகப் போயிருந்த சமயம், அப்போது அந்த மஞ்சள் துணியில் முடிந்து வைத்தது. குழந்தை பிழைத்தால் நாம் இருவருமாக அவனை மலைக்கு அழைத்துப் போய் அந்த ரூபாயை உண்டியலில் சேர்ப்பதாக வேண்டுதல். உங்களிடம் சொன்னதாகத்தான் நினைத்திருந்தேன்.

சொன்னதும், "வேற ஒண்ணு முடிஞ்சுக்கோயேன்" என்றீர்கள். எனக்கு அது ரூபாய் இல்லை, பிள்ளையின் உயிர். அன்று சாயங்காலம் அவன் இருமினான். எனக்குச் சாதம் இறங்கவில்லை. நீங்கள் என் இலையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

மறுநாள் ஒன்றும் சாப்பிடாமல் கிளம்பிப் போனீர்கள். விளக்கேற்றும் வேளைக்கு வந்து உள்ளங்கையை விரித்தீர்கள். "கிடைச்சுடுத்து. போஸ்ட்மாஸ்டர் பாபு பெட்டியையே கவுத்துத் தேடிக் குடுத்தார். அவா ஆத்துலயும் லக்ஷ்மிக்குக் குங்குமம் தடவின காசு வச்சிருக்காளாம். சிரிக்கவே இல்லை, பாவம்."

நான் பார்த்தேன். நான் முடிந்தது பழைய ராணி முகம் போட்ட ரூபாய். உங்கள் கையில் இருந்தது புது ராஜாவின் ரூபாய், கிரீடம் இல்லாத மொட்டைத் தலை. மஞ்சள் இன்னும் காயவில்லை. உங்கள் கட்டைவிரல் நகமும் மஞ்சளாக இருந்தது.

இந்த வீட்டில் எந்தக் காசு எந்தப் பாத்திரத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? ஆனால் நீங்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். "பெருமாள் காப்பாத்தினார்" என்று சொல்லி வாங்கி முடிந்து வைத்தேன். பெருமாளிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். குழந்தையின் இருமல் நின்றுவிட்டது. அவர் ஏற்றுக்கொண்டார் என்று இருந்துவிட்டேன்.

பிறகு மலைக்குப் போக உங்களுக்கு லீவு கிடைக்கவில்லை. கிடைக்கும் கிடைக்கும் என்று இருந்தோம். அதற்குள் அந்த மழைக்காலம் வந்து உங்களைக் கொண்டுபோய்விட்டது.

கடைசியில் பெரியவன் என் பேச்சைக் கேட்டு, தம்பியை இன்று தபாலாபீஸுக்கே அழைத்துப் போனான். அதே போஸ்ட்மாஸ்டர் பாபுதான், தலை நரைத்துவிட்டதாம். பெயரைப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: "உங்கள் அம்மா அந்த ரூபாயை ஏற்றுக்கொண்டாரா?"

பெரியவன் ஒன்றும் புரியாமல் விழித்திருக்கிறான். அவர்தான் சொல்லியிருக்கிறார். நீங்கள் மத்தியானம் வரையில் அந்த ஜன்னலில் நின்றீர்களாம். அவரும் நீங்களுமாக ஒவ்வொரு ரூபாயாகத் திருப்பிப் பார்த்தீர்களாம். முந்தின நாள் பணம் பெரிய தபாலாபீஸுக்குப் போய்விட்டது என்று அப்புறந்தான் தெரிந்ததாம். பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, உங்கள் பையிலிருந்து ஒரு ரூபாயை எடுத்தீர்களாம். பியூன் கடையிலிருந்து மஞ்சள் வாங்கி வந்தானாம். தடவிக்கொண்டே, "இதைக் கடவுள் வாங்கிப்பாரா, பாபு?" என்று கேட்டீர்களாம்.

"கடவுள் வாங்கிக்கொள்வார், ஐயா. வீட்டம்மாவைத்தான் சொல்ல முடியாது" என்றாராம் அவர்.

என்னைச் சமாதானப்படுத்த ஏதோ ஒரு ரூபாயைப் பூசிக் கொண்டுவந்தீர்கள் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அத்தனையும் தேடினீர்கள் என்று தெரியாமல் போயிற்றே. தெரிந்திருந்தால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன்.

தை பிறந்ததும் பிள்ளைகள் என்னை மலைக்கு அழைத்துப் போகிறார்கள். இருவருமாக வருகிறோம் என்று வேண்டிக்கொண்டவள் ஒருத்தியாகப் போகிறேன். உங்கள் விரல் தடவிய ரூபாயை உண்டியலில் போடக் கை வருமா என்று பயமாக இருக்கிறது. ஆனாலும் போட்டுவிடுவேன். அது பெருமாளுடையது.

துணி அவர் கணக்கில் இல்லை. நீங்கள் போனபின் மஞ்சள் இனி உனக்கில்லை என்று உறவுக்காரர்கள் எல்லாவற்றையும் எடுத்துப் போனார்கள். இந்தத் துணியில் ஒட்டியிருக்கும் மஞ்சள் ஒருவர் கண்ணிலும் படவில்லை. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.