நீலப் புகையும் சம்பந்தியம்மாவும்

ஜூன் 3, செவ்வாய்

பல் டாக்டரம்மா வீட்டு வரவேற்பறைக்குத் திரைச்சீலை மாட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். சிக்னலில் பக்கத்து ஸ்கூட்டர்காரர் என் கார் கண்ணாடியைத் தட்டினார். இறக்கினேன்.

"அக்கா, பின்னாடி கொஞ்சம் பாருங்க. கொசுமருந்து அடிக்கிற வண்டி மாதிரி வருது."

பார்த்தேன். புகை மட்டும்தான் தெரிந்தது. அதற்குப் பின்னால் ஒரு பேருந்து நின்றிருக்கிறது. பச்சை விழுந்து அது ஹாரன் அடித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

வாங்கி வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பழைய வண்டிதான், இருந்தாலும் இப்படியா? யாரோ தரகர் தலையில் கட்டியிருந்தால் நேராகப் போய் நறுக்கென்று நாலு கேட்டுவிடலாம். இதை எனக்கு விற்றவர் சம்பந்தியம்மா. ஆகஸ்டில் என் மகளுக்கு மாமியாராகப்போகிறவர். அவரிடம் என்னவென்று கேட்பது?

ஜூன் 4, புதன்

என் வீட்டுக்காரர் நூலகத்திலிருந்து ஒரு தடிமனான வண்டிப் புத்தகம் கொண்டுவந்தார். இவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் எதையும் படித்துவிடுவார். வெள்ளைப் புகை என்றால் இன்ஜினுக்குள் தண்ணீர் போகிறது, கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், நீலம் என்றால் ஆயில் எரிகிறது. இவ்வளவுதான் வைத்தியம்.

வாசலில் வண்டியை உறுமவிட்டு இருவரும் பின்னால் போய் நின்றோம்.

"வெள்ளை" என்றார் இவர்.

"நீலம்."

"நல்லாப் பாரு. வெள்ளை."

பால் வெள்ளை, எலும்பு வெள்ளை, முட்டையோட்டு வெள்ளை என்று வெள்ளையிலேயே ஒரு அலமாரி அடுக்கி வைத்து வியாபாரம் செய்பவள் நான். இவருக்கு உலகத்தில் மூன்றே நிறம்: வெளுப்பு, கறுப்பு, "ஏதோ ஒண்ணு". என்னிடம் நிறம் சொல்ல வந்துவிட்டார். சாம்பல் கலந்த நீலம் அது. படுக்கையறைத் திரைக்கு அருமையாக இருக்கும். வண்டிக்குப் பின்னால்தான் நன்றாக இல்லை.

இருமிக்கொண்டே உள்ளே வந்தோம்.

ஜூன் 6, வெள்ளி

கடைத்தெரு முனை மெக்கானிக்கிடம் காட்டினேன். அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் தலையாட்டி. எதைக் கேட்டாலும் முதலில் தலையை ஆட்டுவார், செத்த வீட்டுக்கு வந்தவர் மாதிரி.

வண்டியைத் திறக்கவில்லை. தூரத்தில் நின்றபடியே கேட்டார், மோந்தார், தலையை ஆட்டினார். "ஆயில் எரியுது. இன்ஜினைப் பிரிச்சுத்தான் பாக்கணும். எங்க வாங்கினீங்க?"

சொன்னேன்.

"சொந்தக்காரங்களா?" இன்னொரு தடவை தலையாட்டல். இது முன்னதைவிடச் சோகமாக இருந்தது.

நீலம் என்று நான் சொன்னதுதான் சரி. ஜெயித்த சந்தோஷம் ஒரு துளிகூட இல்லை.

ஜூன் 7, சனி

மகளிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

ஜூன் 8, ஞாயிறு

"அம்மா, உன் கால்ல விழறேன், இதைப் போய் அத்தைகிட்ட கேட்டுடாத" என்று மகள். கேட்கமாட்டேன் என்றேன். கேட்காமல் எப்படி இருப்பது? தெரிந்தே தள்ளிவிட்டாரா? ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை அவருக்கு. நுண்ணோக்கியில் கிருமியைக் கண்டுபிடிப்பவருக்குத் தெருவையே மறைக்கிற புகை கண்ணில் படவில்லையா?

இதை நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவரே போன் செய்தார். "வண்டி எப்படி ஓடுது?"

"சும்மா பூ மாதிரி ஓடுது."

வாய்க்கு வெட்கமே இல்லை.

ஜூன் 11, புதன்

புகை கூடிவிட்டது. எப்படி? நேற்றுவரை இருமல், இன்று காசநோய். தைத்து வைத்திருந்த துணியையெல்லாம் பிளாஸ்டிக்கில் சுற்றித்தான் கொண்டுபோகிறேன். ஒரு வீட்டில் அந்தம்மா திரையை முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

வண்டியில் புகை, வீட்டில் புகைச்சல். இவர் மட்டும் என்னவோ சாதித்துவிட்டவர் மாதிரி நிம்மதியாக இருக்கிறார்.

ஜூன் 13, வெள்ளி

வந்தது வினை. பிள்ளைகள் குடியிருக்கப்போகும் வீட்டுக்குச் சன்னல் அளக்க வேண்டும், போகும் வழியில் தன்னையும் ஏற்றிக்கொள்ளுங்கள் என்றார் சம்பந்தியம்மா. என்ன சாக்குச் சொல்வது? அவர் வீட்டுச் செடிவேலியில் வண்டியின் பின்பக்கத்தை ஒட்டி நிறுத்தினேன், புகை வேலிக்குள் போகட்டும் என்று. ஏறிய உடனே பேச்சை ஆரம்பித்தவள்தான். திரைக்கம்பி, வளையம், மடிப்பு, சாயம் போகிற துணி, போகாத துணி என்று மூச்சுவிடாமல் பேசினேன். அவர் பக்கவாட்டுக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்கும்போது ஒன்றே ஒன்று சொன்னார். "என்கிட்ட இருந்தப்ப இப்படி இல்லியே."

அதற்கு என்ன அர்த்தம்? நான் கெடுத்துவிட்டேனாம். என்கிட்டயே தள்ளிவிட்டுட்டு என்னையே சொல்றாங்களே! அந்தக் கோபத்தில் சன்னல் அளவையே தப்பாக எடுத்தேன். வாழ்நாளில் நான் சன்னலைத் தப்பாக அளந்ததில்லை.

ஜூன் 14, சனி

பிள்ளைகளுக்குள் சண்டை. அம்மா ஆசையாகப் பார்த்துப் பார்த்து வைத்திருந்த வண்டியைப் பத்தே நாளில் கெடுத்துவிட்டார்கள் என்று மாப்பிள்ளைப் பையன் சொன்னானாம். உங்கம்மா கெட்டுப்போன வண்டியை எங்கம்மா தலையில் கட்டிவிட்டார் என்று இவள் சொன்னாளாம். சாயங்காலத்திலிருந்து இருவரும் பேசிக்கொள்வதில்லை.

மகள் சாப்பிடவில்லை. கதவுக்கு வெளியே நின்று கூப்பிட்டேன்.

"என்னால சரிபண்ண முடியும்டி."

"எதை? வண்டியையா?"

தட்டைக் கதவருகே வைத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

பெரிய பதிவாக எழுதப்போகிறேன்.

காலையில் யாரிடமும் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு சம்பந்தியம்மா வீட்டுக்குப் போனேன். பின்பக்கத்தை வேலிப் பக்கம் திருப்பவில்லை. வாசலைப் பார்த்தே நிறுத்தினேன். கதவைத் திறந்தவர் புகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உள்ள வாங்க."

"நான் வரல. நீங்க வெளிய வாங்க." குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, இறக்கிக்கொண்டேன். "சண்டை போட வரலீங்க. நீங்க ஒண்ணு நினைக்கறீங்க, நான் ஒண்ணு நினைக்கறேன், நடுவுல பிள்ளைங்க முட்டிக்குதுங்க. ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு தடவை இந்தப் புகையைப் பாத்துடலாம்."

அவர் உள்ளே போனார். அவ்வளவுதான், சம்பந்தம் முறிந்தது என்று நினைத்தேன். ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு திரும்பி வந்தார்.

"வெள்ளைத் துணி இருக்கா?"

இருக்கிறதாவது. டிக்கியில் ஒரு மூட்டை துண்டுத்துணி கிடக்கிறது. பால் வெள்ளையில் கைக்குட்டை அளவு கிழித்துக் கொடுத்தேன். அதைச் சைலன்சர் வாயருகே பிடித்தார். ஈரமாகிறதா என்று பார்த்தார். கரி படிகிறதா என்று பார்த்தார். வெயிலில் தூக்கிப் பிடித்தார். துணியில் சின்னச் சின்னதாகப் பழுப்புப் பொட்டுகள். விரலால் தேய்த்தால் வழுக்கியது.

"தண்ணியும் இல்ல, கரியும் இல்ல. ஆயில்தான். அப்ப இத்தனை நாள் எரிஞ்சதுக்கு உள்ள ஆயில் வத்திப்போயிருக்கணும், இல்லியா?"

"இருக்கணும்."

"பாத்தீங்களா?"

"இல்ல."

"ஆளைப் பாக்காமலே ரிப்போர்ட் எழுதிட்டோம்" என்றார். எழுதிட்டீங்க என்று சொல்லவில்லை. எழுதிட்டோம். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் பக்கம் ஓரடி நகர்ந்து நின்றேன்.

இன்ஜினை நிறுத்தி ஆறவிட்டோம். வாசற்படியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். பிறகு அவர் ஆயில் அளக்கும் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். கம்பியில் கீழே ஒரு கோடு, மேலே ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய ஆயில் மேல்கோட்டைத் தாண்டி ஒரு கட்டைவிரல் உயரத்துக்கு ஏறி நின்றது. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தோம். அதே உயரம்.

"எரிஞ்சு தீர்ற வண்டியில ஆயில் எப்படிங்க கூடும்?" என்றார்.

எனக்குப் பொறி தட்டியது. இவருக்குப் போன் போட்டேன். "வண்டிக்கு ஆயில் ஏதாவது ஊத்தினீங்களா?"



"மெக்கானிக் எரியுதுன்னு சொன்னாருல்ல. எரிஞ்சதை ஈடுகட்டலாமேன்னு செவ்வாக்கிழமை அரை டப்பா ஊத்தினேன். நீ பதறுவன்னுதான் சொல்லல."

சம்பந்தியம்மாவின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை என்னால். ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை. யோசித்துக்கொண்டிருந்தார். "செவ்வாய்க்கு முன்னாடியே புகை வந்துச்சு இல்ல?" என்றவர் மெதுவாகத் திரும்பித் தன் வீட்டுச் சன்னலைப் பார்த்தார். அங்கே நின்று எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த சம்பந்தி சட்டென்று விலகினார்.

"இங்க வாங்க" என்றார் சம்பந்தியம்மா. வந்தார்.

"நீங்க எவ்வளவு ஊத்தினீங்க?"

"ஒரே ஒரு டப்பா. கொடுக்கறதுக்கு முந்தின நாள். பொண்ணு வீட்டுக்குப் போற வண்டி, குறைவா அனுப்பினா நல்லாவா இருக்கும்?"

"சர்வீஸ்ல நெறச்சுத்தானே கொடுத்தாங்க."

"நீ சொல்லவே இல்லியே."

"அளவுக்கு மேல ஊத்தினா அது எரிஞ்சு புகையாத்தானே வரும்? ரத்தம் ஏத்தி ஏத்தியே ஆளைக் கொன்னுடுவீங்கபோல, ரெண்டு பேரும்" என்றார் சம்பந்தியம்மா.

யார் முதலில் சிரித்தது என்று நினைவில்லை. சம்பந்திதான் பாவம், எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமல் தானும் சிரித்து வைத்தார்.

ஜூன் 16, திங்கள்

தலையாட்டியிடமே போய் அதிகப்படி ஆயிலை வடித்தாயிற்று. "அப்பவே நினைச்சேன்" என்றார், தலையை ஆட்டியபடி.

மகள் கதவைச் சாத்திக்கொண்டு போனில் சிரித்துக்கொண்டிருக்கிறாள். சாப்பிட்டுவிட்டாள்.

ஜூன் 18, புதன்

இன்னும் புகை. வடித்த பிறகும் ஏன்? சம்பந்தியம்மாவிடம் சொன்னேன், இந்தத் தடவை உடனே சொன்னேன். குழாய்க்குள் ஒட்டியிருப்பது எரிந்து தீர வேண்டும், நீளமாக ஒரு ஓட்டம் ஓட்டினால் தெரிந்துவிடும் என்றார். தீராவிட்டால்? தீராவிட்டால் இன்ஜினைப் பிரிக்கலாம், பயப்படாதீங்க, நானும் கூட இருக்கேன் என்றார்.

ஜூன் 22, ஞாயிறு

போனோம். நான் ஓட்ட, அவர் பக்கத்தில். ஊரைத் தாண்டி நெடுஞ்சாலை. அங்கங்கே நிறுத்தி ஒவ்வொரு துண்டுத்துணியாகப் பிடித்துப் பார்த்து, ஊசியில் கோத்து வைத்தார்.

பாதி வழியில் கேட்டார். "என்னை ஏமாத்துக்காரின்னு நினைச்சீங்கதானே?"

சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "நினைச்சேன்."

"நான் உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியாதுன்னு நினைச்சேன்."

"இப்ப?"

"இப்பவும் அதான் நினைக்கறேன். எவ்வளவு தூரம்தான் ரெண்டாவது கியர்லயே போவீங்க?"

மாற்றினேன். வண்டி ஒரு பெருமூச்சு விட்டது. அவரும்தான்.

ஒரு மரத்தடியில் நிறுத்திக் கடைசித் துணியைப் பிடித்தபோது பொட்டு ஒன்றுகூட இல்லை. "வெள்ளை" என்றார். பால் வெள்ளை என்று திருத்தினேன். இதிலெல்லாம் விட்டுக்கொடுக்க முடியாது.

ஜூலை 9, புதன்

புதுவீட்டுச் சன்னலை மறுபடி அளந்தேன். டேப்பின் ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டார். சரியாகத்தான் பிடிக்கிறார். அளவை மட்டும் தசமப்புள்ளியோடு சொல்கிறார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. இரண்டு அப்பாக்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அம்மாக்கள் அழவில்லை. எங்களுக்கு வேலை இருந்தது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மகள் போன் செய்தாள். "அம்மா, அத்தை ஃபோனே எடுக்க மாட்டேங்கறாங்க. காலைலயே கிளம்பிட்டாங்கன்னு மாமா சொல்றாரு. எங்க போனாங்கன்னு அவருக்கும் தெரியல."

"இங்கதான் இருக்கா."

"அங்கயா? என்ன பண்றாங்க?"

வாசலை எட்டிப் பார்த்தேன். நேற்றிலிருந்து வண்டிக்கு அடியில் ஏதோ கடகடவென்று சத்தம். நான் விரித்துக் கொடுத்த பழைய திரைச்சீலையும், அதன் மேல் இரண்டு பாதங்களும் மட்டும் வெளியே தெரிந்தன. ஸ்பானரை எடுத்துட்டு வாடி, எவ்வளவு நேரம் என்று வண்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"படுத்திருக்கா" என்றேன்.