மாமாவின் நாற்காலிகளை லாரியில் ஏற்றிய கதை

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பி இதை எழுதுகிறேன். இங்கே எங்கள் உடம்புக்கு ஒரு கேடும் இல்லை, என் முழங்கால் வலி பழைய விருந்தாளி, அதைக் கணக்கில் சேர்க்காதே, உன் அப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது, அவர் வாயைத் திறக்காமல் இருப்பது மட்டும் இன்னும் நிற்கவில்லை. போனில் சொல்வதை விட்டு இவள் ஏன் காகிதமும் பேனாவும் எடுத்தாள் என்று யோசிப்பாய். போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் நீ சரிம்மா விடும்மா இந்த வயசுல எதுக்கும்மா என்று முடித்துவிடுகிறாய், காகிதம் குறுக்கே பேசாது. உன் மாமா உனக்குப் போன் பண்ணி அழுதானாம், கூடப் பிறந்த தம்பியின் நாற்காலிகளை அக்கா குப்பை லாரியில் ஏற்றிவிட்டாள், ஊர் பார்க்க மானத்தை வாங்கிவிட்டாள், ஒரு ஆமைக்காக உறவையே அறுத்துக்கொண்டாள் என்று சொன்னானாம். ஏற்றினேன். முப்பத்தாறு நாற்காலி, ஒன்பது குடை. அவன் சொன்னதில் அந்த ஒன்றுதான் உண்மை, மீதியை நான் சொல்கிறேன் கேள்.

நீ இங்கிருந்து போகும்போது நான் சந்தைத் தெருவில் துப்புரவு மேஸ்திரியாக இருந்தேன், ஒன்றரை வருஷமாகக் கடற்கரைப் பிரிவு. சந்தையில் அள்ளிய காலமே தேவலை, அழுகின தக்காளி எழுந்து வந்து நான் யார் தெரியுமா என்று கேட்காது. இந்தக் கடற்கரைக்கு வருஷத்தில் மூன்று மாதம் ஆமைகள் முட்டையிட வருகின்றன. இருட்டின பிறகு தாய் ஆமை தனியாகக் கரையேறி, மேட்டு மணலில் குழி பறித்து, நூறு முட்டை போல இட்டு மூடிவிட்டு, விடிவதற்குள் கடலுக்குத் திரும்பிவிடும். வழியில் சாமான் கிடந்தால் முட்டிப் பார்த்துவிட்டு இடாமலே போய்விடும், இல்லாவிட்டால் அதில் மாட்டிக்கொள்ளும். அதனால் இந்த வருஷம் நகராட்சியில் ஒரு உத்தரவு போட்டார்கள், பொழுது சாய்ந்த பிறகு மணலில் எது கிடந்தாலும் லாரியில் ஏற்றிக் கொட்டகையில் வைத்துப் பூட்ட வேண்டும், அந்த வேலை என் தலையில். ஜனங்கள் எதையெல்லாம் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று நீ பார்க்க வேண்டும். மடக்கு நாற்காலி, காற்றடைத்த படகு, ஐஸ் பெட்டி, ரெண்டு பேர் படுக்கிற மெத்தை, ஒற்றைச் செருப்பு, ஒற்றைக் காலோடு எப்படி வீடு போய்ச் சேர்ந்தார்களோ, ஒரு மூக்குக் கண்ணாடி, அதைப் போட்டிருந்தால் மற்றதெல்லாம் கண்ணில் பட்டிருக்கும். வருத்தம் என்கிற பேச்சே கிடையாது, மறுநாள் கொட்டகை வாசலில் வந்து நின்று நான் திருடிக்கொண்டு போன மாதிரி முறைப்பார்கள். ஒரு பல் டாக்டர், உத்தரவுக்கு முன்னாலிருந்தே நாலு நாளாகக் கூடாரம் அடித்துப் போட்டுவிட்டு வீட்டில் மெத்தையில் தூங்கினவர், காலையில் வந்தால் நல்ல இடம் கிடைக்காது, அதனால் இடம் பிடித்து வைத்தேன் என்றார். படித்த மனுஷன், கடல் என்ன பஸ்ஸா துண்டு போட்டு இடம் பிடிக்க. இன்னொரு அம்மாள், ஆமைக்கு இவ்வளவு பெரிய கடல் இருக்கே, அது ஏன் எங்க குடை கிட்ட வரணும் என்று என்னைக் கேட்டாள். உங்களுக்கு அவ்வளவு பெரிய வீடு இருக்கே, குடை ஏன் இங்க கிடக்கணும் என்று நான் கேட்டேன். புகார் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள், கையெழுத்து மட்டும் நன்றாக இருந்தது.

இந்தக் கூட்டத்துக்கெல்லாம் தலைவன் உன் மாமா. நாற்காலியும் குடையும் வாடகைக்கு விடுவதுதான் அவன் பிழைப்பு, அதை நான் குறை சொல்லவில்லை. சாயங்காலம் எல்லாவற்றையும் மடக்கி, இருநூறு அடி தள்ளி இருக்கிற அறையில் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று அவன் உரிமத்திலேயே எழுதியிருக்கிறது. துரைக்கு இடுப்பு நோகுமாம். மேட்டு மணலிலேயே வரிசையாகப் போட்டு, காலோடு கால் சேர்த்து நைலான் கயிற்றால் கட்டி, முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான். மூன்று தடவை சொன்னேன். முதல் தடவை வீட்டுக்கே போய் அக்காவாகச் சொன்னேன், டீ கொடுத்து டிவி சத்தத்தைக் கூட்டினான். இரண்டாம் தடவை நோட்டீஸ் கொடுத்தேன், அதை நாலாக மடித்து ஆடுகிற மேஜைக்கு அடியில் முட்டுக் கொடுத்தான். மூன்றாம் தடவை கடற்கரையில் என் ஆட்கள் முன்னால் சொன்னேன். அதற்கு அவன், “ஆமை வந்தா நாற்காலில கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போகட்டும்க்கா, அதுகிட்ட வாடகை கேக்க மாட்டேன்” என்றான். சுற்றி நின்ற சோம்பேறிகள் சிரித்தார்கள். அன்று சாயங்காலமே ஏற்றியிருக்க வேண்டும். ஏற்றவில்லை. உன் அப்பா ஆபரேஷன் ஆகிக் கிடந்த பதினெட்டு நாளும் ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் படுத்துக் கிடந்தவன் அவன் ஒருத்தன்தான், உனக்கு லீவு கிடைக்கவில்லை, மற்ற சொந்தமெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அதை மனசில் வைத்துக்கொண்டு பல் டாக்டரின் கூடாரத்தை ஏற்றினேன், அந்த அம்மாளின் குடையை ஏற்றினேன், தம்பியின் வரிசை வரும்போது மட்டும் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு லாரியை விடச் சொன்னேன். ஒரு நாள் இல்லை, ஒன்பது நாள். ஊரையெல்லாம் வாய்க்கு வந்தபடி பேசுகிறேனே, அந்த ஒன்பது நாளில் தப்புப் பண்ணுவதில் நான் யாருக்கும் குறைந்தவள் இல்லை.

பத்தாம் நாள் விடிகிற நேரத்தில் நானும் லாரி டிரைவரும்தான் முதலில் போனோம். தண்ணீரிலிருந்து மேடு வரைக்கும் வண்டிச் சக்கரம் ஏறின மாதிரி ஒரு தடம் இருந்தது, திரும்பிப் போன தடம் இல்லை. உன் மாமாவின் வரிசை கலைந்து கிடந்தது, நடுவில் ஆமை. அதன் துடுப்பு மாதிரி இருக்கிற முன்னங்கை ஒன்று நாற்காலிக் கம்பிக்குள் நுழைந்து, கயிறு சுற்றி இறுகி, இழுத்த இழுப்பில் ஐந்து நாற்காலிகள் கூடவே வந்திருக்கின்றன. அவற்றை இழுத்துக்கொண்டு அது வட்டம் வட்டமாகச் சுற்றியிருக்கிறது, மணல் உழுது போட்டது போல இருந்தது. கயிறு தோலை அறுத்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. டிரைவர், அழுவுதுக்கா என்றான். ஆமைக் கணக்கெடுக்க வருகிற கால்நடை டாக்டரம்மா அப்புறம் வந்து, அது அழுகை இல்லை, உப்பை வெளியேற்றுகிறது, எல்லா ஆமைக்கும் அப்படித்தான் என்றாள். இருக்கட்டும், அவள் படித்தவள். அந்த முகத்தைக் குனிந்து பார்த்தவள் நான். முடிச்சு அவிழவே இல்லை, உன் மாமா வாழ்க்கையில் உருப்படியாகச் செய்தது அந்த முடிச்சு ஒன்றுதான். சாக்கு அறுக்கிற கத்தியால் கயிற்றை இழை இழையாக அறுத்தோம். அறுந்த பிறகும் அது அசையவில்லை, உயிர் போய்விட்டது என்றே நினைத்தேன். ஈரச் சாக்கைப் போர்த்தி, டாக்டரம்மா மருந்து வைத்து, அரை மணி நேரம் கழித்து ஒரு பெருமூச்சு விட்டது பார், மனுஷி விடுகிற மாதிரியே. அப்புறம் ஒரு கையை ஊன்றி, மறு கையை இழுத்துக்கொண்டு, முட்டை இடாமலே கடலுக்குள் போய்விட்டது.

எல்லா நாற்காலிக் காலிலும் மஞ்சள் கோடு, திருட்டுப் போகாமல் இருக்க உன் மாமா போட்ட அடையாளம். டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டே, மீன் வலைக் கயிறுன்னு எழுதிடுவோம்க்கா, யாருக்குத் தெரியப் போவுது என்றான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். பதிவேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு லாரிப் படியில் உட்கார்ந்தேன், அந்த ஆஸ்பத்திரி பெஞ்சும் அதில் காலை மடக்கிக்கொண்டு அவன் தூங்கினதும் கண் முன்னால் வந்து நின்றது. அப்புறம் எழுதினேன். நாற்காலிகளின் உரிமையாளர் என் உடன்பிறந்த தம்பி, மூன்று முறை எச்சரித்தும் எடுக்கவில்லை, ஒன்பது நாளாகப் பார்த்தும் நான் பறிமுதல் செய்யவில்லை. அந்தக் கடைசி வரியைப் பற்றி உன் மாமா உன்னிடம் மூச்சு விட்டிருக்க மாட்டான். நாற்காலிகளை ஏற்றிக்கொண்டிருக்கும்போது பனியனோடு ஓடி வந்தான், நீயெல்லாம் ஒரு அக்காவா என்று கடற்கரை முழுக்கக் கேட்கும்படி கத்தினான். பதில் சொன்னால் அழுதுவிடுவேன் என்று தோன்றியது, அதனால் குடைகளை எண்ணினேன். மறுநாளே சுகாதார அதிகாரி அறையில் விசாரணை. அவன் துணைக்கு வார்டு கவுன்சிலரைக் கூட்டி வந்திருந்தான், கவுன்சிலர் ஆமை பறவை இனமா மீன் இனமா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் இரண்டு டீ குடித்தார். அதிகாரி என்னைத் தனியாக அழைத்து, உரிமையாளர் யாரென்று தெரியவில்லை என்று மாற்றி எழுதிவிட்டால் எல்லாருக்கும் நல்லது, உங்களுக்கும் ஓய்வுக்கு மூன்று வருஷம்தானே இருக்கிறது என்று தேன் ஒழுகப் பேசினார். நான், “யாருன்னு தெரியலைன்னு எப்படிங்க எழுதறது, அவன் பொறந்த அன்னிக்கு மடியில வாங்குனவ நான்” என்றேன். அவன் உரிமத்தை இந்த மூன்று மாதத்துக்கு நிறுத்தி வைத்தார்கள், எனக்கு ஒரு மெமோ கொடுத்தார்கள், இத்தனை வருஷ வேலையில் முதல் மெமோ. உன் அப்பா அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, இதுல மூணு எழுத்துப் பிழை இருக்கு என்றார். அந்த வாரம் முழுக்க அவர் பேசினது அவ்வளவுதான்.

அன்றிலிருந்து உன் மாமா நம் வாசல் மிதிக்கவில்லை, அத்தை என்னைக் கண்டால் எதிர்ச் சாரிக்குப் போய்விடுகிறாள். விசாரணைக்கு மறுநாள் விடியலில், நாற்காலிகள் கிடந்த அதே மேட்டில் புதுத் தடம் ஒன்று ஏறியிருந்தது, ஒரு பக்கம் ஆழமாக, மறு பக்கம் மேலோட்டமாக இழுத்த மாதிரி. அதுவேதான் என்று சத்தியம் பண்ண முடியாது என்றாள் டாக்டரம்மா, ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னாள். முட்டைகள் இருந்தன, சுற்றிலும் குச்சி நட்டுப் பலகை வைத்தோம். அன்று சாயங்காலமே உன் மாமா ரோட்டு ஓரத்தில் நின்று பார்த்தான். மறுநாள் படிக்கட்டு வரை வந்தான். அதற்கு மறுநாள் பலகைக்குப் பக்கத்திலேயே நின்றான். அதோடு விட்டானா, இப்போது நாற்காலியும் இல்லை, வேலையும் இல்லை, தினமும் பொழுது சாயும்போது கடற்கரையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து, யாராவது ஒரு துண்டை விட்டுப் போனால்கூடப் பின்னாலேயே ஓடுகிறான். பல் டாக்டரைப் பார்த்து அறிவிருக்கா சார் என்று கேட்டானாம், யார் கேட்கிறது பார். என் எடத்துலதான் போட்டிருக்கு, வேற எங்கயாவது போட்டுதா என்று டீக்கடையில் பெருமை வேறு, ஆமை இவனிடம் விலாசம் கேட்டு வந்த மாதிரி. என்னைப் பார்த்தால் மட்டும் முகம் கல்லாகிவிடும், நானும் என் பங்குக்குக் கல்லாகவே இருந்தேன், ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது கேட் சத்தம் கேட்டது. அவன்தான், உள்ளே வரவில்லை, உன் அப்பாவிடம், அவங்ககிட்ட சொல்லுங்க, நாய் கிளறுது என்றான். நான் நாலடி தூரத்தில் ஈர முகத்தோடு நிற்கிறேன், எனக்கு அவர் மூலமாகச் செய்தி. கொட்டகையிலிருந்து கம்பி வலையை எடுத்துக்கொண்டு போனேன், அவன் முன்னால் போய் நாயை விரட்டிக்கொண்டு நின்றான். மேல் மணல் மட்டும்தான் கலைந்திருந்தது, முட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் மண்டி போட்டு, வலையை விரித்து, ஓரத்தை மணலுக்குள் அமுக்கினோம். கம்பி குத்தி அவன் விரலில் ரத்தம், துடைத்துக்கொள்ளவும் இல்லை. தலை நிமிராமலே, “எந்தக் கைக்கா மாட்டுச்சு?” என்று கேட்டான். இடது என்றேன். அவன் தன் இடது கையைப் பார்த்தான், பிறகு அந்தக் கையாலேயே மணலை அள்ளி அள்ளி வலையின் ஓரத்தை மூடினான். நானும் மூடினேன். போகும்போது கம்பி வலைச் சுருளை என் கையிலிருந்து வாங்கி அவன் தூக்கிக்கொண்டு வந்தான்.

ஆகவே உனக்குச் சொல்வது என்னவென்றால், அவன் மறுபடி போன் பண்ணினால் எனக்காக வக்கீலாகப் பேசாதே, அவனுக்காக என்னிடமும் பேசாதே, முட்டை எப்போது பொரியும் மாமா என்று கேள், வாய் ஓயாமல் சொல்வான். இந்தக் கடிதத்தை அவனுக்குப் படித்துக் காட்டாதே, மாப்பிள்ளைக்குக் காட்டு. நீ அனுப்பின படத்தில் பிள்ளை உங்கள் ஊர்க் கடற்கரையில் கழுத்தளவு குழிக்குள் நின்று சிரிக்கிறான், அழகாக இருக்கிறான், ஆனால் வரும்போது அந்தக் குழியை மூடினீர்களா என்று படத்தில் தெரியவில்லை. மூடாவிட்டால் நாளைக்கே மண்வெட்டியோடு போய் மூடிவிட்டு வா, எந்த ஊர் மேஸ்திரியும் என்னை மாதிரி உங்களைப் பேசும்படி வைத்துக்கொள்ளாதே. வேளைக்குச் சாப்பிடு, முதுகு வலிக்கு டாக்டரைப் பார், நாளைக்கு நாளைக்கு என்று தள்ளாதே. மூன்று பேரும் நல்ல உடம்போடும் நல்ல புத்தியோடும் நிறைய வருஷம் இருக்க வேண்டும், பிள்ளையின் இரண்டு கன்னத்திலும் நான் கொடுத்ததாக முத்தம் கொடு. அப்பா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார், வாயால் சொல்லவில்லை, தலையை ஆட்டினார்.

என்றும் உன் நினைவாக,
உன் அம்மா