வேப்பிலை கட்டிய கதவு

அடி அண்ணாமலை,
வைகாசிப் பௌர்ணமிக்கு மறுநாள்

அன்புள்ள செழியன் அவர்களுக்கு, உங்கள் தனம் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை, ஜெயித்துவிட்டு எழுதுகிறேன்.

நீங்கள் கப்பலில், நடுக்கடலில் சிக்னல் இல்லாமல் இருந்த நாட்களில் உங்கள் அப்பாவுக்குக் கொரோனா வந்து போய்விட்டது. பயப்படாதீர்கள். இப்போது வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு, காபியில் சர்க்கரை கம்மி என்று என்னைத் திட்டுகிறார்.

வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் பார்க்கிற வேலையில் நான் சேர்ந்தேன் அல்லவா? எந்த வீட்டிலும் காய்ச்சலே இல்லையாம். உள்ளே இருமல் கேட்கும், கேட்டால் தூசு என்பார்கள். கொரோனா வீடு என்று கதவில் தாள் ஒட்டித் தகரம் அடித்துவிட்டால் மானம் போய்விடும் என்று பயம். மாமாவும் அப்படித்தான். உங்கள் தங்கை கவிநிலாவைப் பெண் பார்க்க வர இருந்தார்கள். அதனால் ஆக்சிஜன் பார்க்கிற கிளிப்பை விரலில் மாட்டவே விடவில்லை. மருமவளே வந்து வூட்டுக்குத் தாள் ஒட்டுனா எம்பொண்ண எவன் கட்டுவான் என்று கத்தினார். கத்தும்போதே மூச்சு வாங்கியது.

அம்மை போட்ட வீட்டில் நாம் என்ன செய்வோம்? வாசலில் வேப்பிலை சொருகுவோம். யாரும் உள்ளே போக மாட்டார்கள், கேவலமாகப் பேசவும் மாட்டார்கள். தாளுக்குப் பதில் அதையே கட்டலாமா என்று நர்ஸ் ஆர்த்தியிடம் கேட்டேன். அவள் டாக்டரிடம் பேசிவிட்டு வந்து, காய்ச்சல் வெளிய தெரிஞ்சா போதும்க்கா, இன்னா வேணா கட்டுங்க என்றாள். முதல் கொத்தை நம் கதவிலேயே கட்டினேன். மாமா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் விரலை நீட்டினார்.

ஆக்சிஜன் குறைந்திருந்தது. ஆம்புலன்ஸ் வந்தது, பெரியாஸ்பத்திரியில் படுக்கையும் கிடைத்தது. இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார்.

மறுநாள் எதிர்வீட்டு சந்திரம்மாள் தன் கதவில் வேப்பிலை கட்டினாள். பிறகு தெருவே பச்சையாகிவிட்டது. கட்டின வீட்டு வாசலிலெல்லாம் மருந்தும் கஞ்சியும் வைத்துவிட்டு வந்தோம். நம் தெருவில் ஒரு சாவுகூட விழவில்லை. எனக்கு இதில் பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்?

மாமா திரும்பியதும் அம்மை இறங்கினவருக்குச் செய்வது போலத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினோம். வேப்பிலையை அவர் கையாலேயே அவிழ்த்தார். பெண் பார்க்க வருகிறவர்களின் கீழ்பென்னாத்தூர் வீட்டிலும் இப்போது வேப்பிலை தொங்குகிறதாம். அவிழ்த்ததும் வருகிறோம் என்று சொல்லியனுப்பியிருக்கிறார்கள்.

நேற்று மலை சுற்ற யாரையும் விடவில்லை. வாசலில் நின்றே உங்களுக்காகக் கும்பிட்டேன். நீங்களும் மாமாவின் பிள்ளைதானே, காய்ச்சல் வந்தால் மறைப்பீர்கள். உடம்பு கொஞ்சம் சுட்டாலும் உடனே சொல்லிவிடுங்கள். அங்கே உங்கள் கதவில் வேப்பிலை கட்ட நான் இல்லை.

அண்ணாமலையார் உங்களைக் கரை சேர்க்கட்டும்.

உங்கள்
தனம்