துகள் இல்லாத குழிகள்

பிப்ரவரி 3

ஆய்வகத்தில் செல் வளர்க்கும் தட்டில், துத்தநாக ஆக்சைடு நானோ துகள் போட்ட குழிகளில் புற்றுநோய் செல்கள் நூற்றுக்கு எண்பது செத்துவிட்டன. மூன்று முறை செய்தும் அதே முடிவு. சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனதும் வாய் சும்மா இருக்குமா? அவளிடம் செத்த செல்களின் படத்தைக் காட்டி அளந்து தள்ளினேன். மார்பில் கட்டியோடு இருப்பவள், கண்கொட்டாமல் கேட்டாள்.

பிப்ரவரி 11

நேற்று அக்காவுக்கு இரண்டாவது கீமோ ஊசி. போகவில்லையாம். முதல் ஊசிக்கே பத்து நாள் வாந்தி எடுத்தவள். அத்தான் போனில் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "உன் மருந்து வர்ற வரைக்கும் பொறுத்துக்கறேங்கறா."

என் மருந்தா? அது பிளாஸ்டிக் தட்டில் இருக்கும் செல். மனுஷ உடம்புக்கு வர வருஷக்கணக்காகும், வராமலும் போகும் — இதை அன்றைக்கே ஏன் சொல்லித் தொலைக்கவில்லை? இன்று சொன்னேன். தன்னடக்கம் என்று சிரிக்கிறாள்.

பிப்ரவரி 13

ஆய்வகத்தில் 'நத்தை' என்று நாங்கள் கேலி செய்பவர் என் குறிப்பை அரைமணி நேரம் படித்தார். "துகள் போடாம, அதக் கலக்கற திரவத்த மட்டும் ஊத்திப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. துகள்கள் கட்டிதட்டாமல் இருக்கத்தான் அந்தத் திரவம். அதுவே செல்லைக் கொன்றிருந்தால்? உடனே புதுத் தட்டு வைத்தேன். நாற்பத்தெட்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 14

சாப்பாடு இறங்கவில்லை.

பிப்ரவரி 15

வெறும் திரவக் குழிகளிலும் எண்பது. துகள் ஒன்றும் செய்யவில்லை.

ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியை கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, முதலிலிருந்து செய்யச் சொன்னார். அது போகட்டும். அக்காவிடம் எந்த முகத்தோடு போவேன்?

பிப்ரவரி 16

சொல்லிவிட்டேன். திரவம், குழி, என் அவசரம், எல்லாவற்றையும்.

"அப்ப எனக்குன்னு ஒண்ணுமே இல்லையா?"

"இருக்குக்கா. அந்த ஊசிதான்."

எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அத்தான் என்னைப் பார்க்கவே இல்லை. பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 18

இரண்டு நாளாக அக்கா என் போனை எடுக்கவில்லை.

பிப்ரவரி 20

காலையில் அக்காவே கூப்பிட்டாள். ஊசி போட்டுக்கொள்ளப் போகிறாளாம், கூட வரச் சொன்னாள். பத்து நாள் தள்ளிப்போனதில் கட்டி வளர்ந்திருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். ஸ்கேன் பார்த்துத்தான் சொல்ல முடியுமாம்.

மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது பக்கத்துப் படுக்கை அம்மாவிடம் அக்கா என்னைக் காட்டினாள். "என் தங்கச்சி. இந்த நோயத்தான் ஆராய்ச்சி பண்றா."

அந்த அம்மா சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். புதுசாக மருந்து ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்டார்.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லைங்க," என்றேன். "இந்த ஊசிய விடாமப் போட்டுக்குங்க."